புளி போட்டுத் துலக்கிய காசு

எங்கள் ஊர் ஆற்று மணலில் கிடைக்கும் பழைய செப்புக் காசைக் களிம்பு போகத் துலக்கி வைத்தால், அதைத் தொலைத்தவர் மறுநாள் காலை வந்து வாங்கிக்கொண்டு போவார். எல்லோரும் ஆற்றுப் பக்கமிருந்துதான் வருவார்கள். கால் மட்டும் நனைந்திருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, காசைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை சதுரக் காசு ஒன்றைத் துலக்கியபோது உப்பு வணிகர் ஒருவர் மாட்டு வண்டியோடு வந்து நின்றார். வண்டி தெருவை அடைத்துக்கொண்டதால் மினி பஸ் போக முடியவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, "கொஞ்சம் ஓரங்கட்டுங்க பெரியவரே, டைமாச்சு" என்றார். அவரும் ஓரங்கட்டினார்.

தொலைத்த காசுக்குத்தான் ஆள் வரும். ஆடிப்பெருக்கன்று வேண்டிக்கொண்டு ஆற்றில் எறிந்த காசை எவ்வளவு துலக்கினாலும் யாரும் வரமாட்டார்கள். வேண்டாம் என்றுதானே எறிந்தார்கள். அந்த மாதிரிக் காசுகளைத் திரும்ப ஆற்றிலேயே போட்டுவிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே காசு மறுபடியும் என் மெட்டல் டிடெக்டரில் வந்து கத்தும். எனக்கு எரிச்சலாக வரும்.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் டிடெக்டரோடு ஆற்றில் இறங்கிவிடுவேன். இரும்பு ஆணிக்கு அது உறுமும். சோடா மூடிக்குத் திக்கித் திக்கிப் பேசும். செம்புக்கு மட்டும் ஒரே சீராகக் கணீரென்று கூப்பிடும். அந்தச் சத்தம் கேட்டால் உட்கார்ந்து, கையாலேதான் தோண்டுவேன். மண்வெட்டி பட்டால் காசில் தழும்பு விழும், வருகிறவர் நொண்டிக்கொண்டு வருவார்.

துலக்குவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு தேங்காய் எண்ணெய். களிம்பு இளகிய பிறகு, பல் துலக்கும் மழுங்கிய பிரஷால் ஒரு திசையிலேயே தேய்க்க வேண்டும். புளியை மட்டும் கிட்டே கொண்டு வரக் கூடாது. இதை நான் ஊரில் சொல்லாத ஆளில்லை, கேட்ட ஆளுமில்லை. செம்பு என்றால் புளி என்று கை தானாகப் போய்விடுகிறது. கிழக்குத் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஒரு காசைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். மறுநாள் வந்தவர் பொங்கல் சொம்பு மாதிரிப் பளபளத்தார். மூக்கு இல்லை, கண் இல்லை, புருவம் இல்லை, வாய் வெறும் கோடு. அவர் வீட்டுக்காரர்கள் அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அர்த்தநாரியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்ட்ரா போட்டு டீ குடிப்பார். எல்லோரும் புளியண்ணன் என்று கூப்பிடுகிறார்கள்.

நான் தேடியது ஒரே ஒரு காசை. என் மனைவி குணவதியின் காசு அது. அவள் பிறந்த வீட்டில் கிணறு வெட்டும்போது கிடைத்தது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் தேய்ந்துபோன ஒரு மரம். எங்கே போனாலும் அதை முந்தானையில் முடிந்துகொண்டுதான் போவாள். ஓர் ஆடிப்பெருக்கன்று நானும் அவளும் ஆற்றில் இறங்கினோம். நடு ஆற்றில் அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போனதைப் பார்த்தேன். அதற்குள் தண்ணீர் முகத்தில் அடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் அக்கரையில் இருந்தாள், நான் இக்கரையில் இருந்தேன்.

அன்றிலிருந்து அவள் அக்கரையில்தான் குடியிருக்கிறாள். துணி காயப்போடுவது தெரியும். வாசலில் உட்கார்ந்து கையகலக் கண்ணாடியில் புருவம் தீட்டுவது தெரியும். வலது புருவத்தை நிதானமாகத் தீட்டுவாள், இடதுக்கு வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும், அவசரமாக ஒரு இழு இழுத்துவிட்டு ஓடுவாள். கூப்பிட்டால் கேட்காது. ஒருமுறை நான் பரிசல் பிடித்து அக்கரைக்குப் போனேன். போய் இறங்கியதும் அது இக்கரையாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் எங்கள் வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவசரமாகத் திரும்பி வந்தேன். செடியடி ஈரமாக இருந்தது, அவள் அக்கரையில் இருந்தாள்.

அந்தக் காசு முடிச்சிலிருந்து தவறி விழுந்திருந்தால், துலக்கி வைத்ததும் அவள் வந்துவிடுவாள். அவளே எறிந்திருந்தால் வரமாட்டாள். என்னையும் சேர்த்துத்தான் எறிந்திருக்கிறாள் என்று அர்த்தமாகிவிடும்.

மார்கழித் தொடக்கத்தில், பாறை ஓரத்தில் டிடெக்டர் கணீரென்று கூப்பிட்டது. தோண்டினேன். பச்சைக் களிம்பு அப்பிக் கிடந்த காசைக் கட்டை விரலால் தடவியபோது யானையின் துதிக்கை தட்டுப்பட்டது. பேட்டரி தண்ணீரில் போட்டேன். பிறகு எண்ணெயில் போட்டேன். களிம்பு நன்றாக இளகிவிட்டது. ஆனால் பிரஷைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது. மறுபடியும் பேட்டரி தண்ணீரில் போட்டேன்.

"ஏனுங்க்ணா, இன்னுமா ஊறுது?" என்று அர்த்தநாரி கேட்டான்.

"ஊறட்டும்பா."

"தொலக்கிப் பாத்தர்லாம்ல? வந்தா வர்றாங்க."

"வரலைன்னா?"

அவன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். புளியண்ணன் ஸ்ட்ராவை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தால் என்னைப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு என் அக்கா பாவாயி வந்தாள். வந்ததும் வராததுமாகக் கொடியில் கிடந்த என் சட்டைகளைப் பார்த்துத் திட்டினாள். பையில் ஸ்க்ரூ டிரைவர் வைப்பது என் வழக்கம். ஒரு சட்டைக்குக்கூட முழுப் பை கிடையாது. திட்டி முடித்துவிட்டு, பரணிலிருந்து செப்புப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளியைக் கரைத்தாள். நான் கரும்பு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அண்டா, சொம்பு, குத்துவிளக்குத் தட்டு எல்லாம் வெயிலில் மின்னின. வரிசையின் கடைசியில் அந்தக் காசும் மின்னியது.

"ஏன்டா தம்பி, இத்தாப்பெரிய ஆம்பள, ஒரு காசத் தேய்க்கத் தெரியாம கிண்ணத்துல ஊறப்போட்டு வெச்சிருக்கற. பளபளன்னு தேச்சுட்டேன் பாரு."

எடுத்துப் பார்த்தேன். மரம் போயிருந்தது. யானைக்குக் கண்ணுக்கு மேலே ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது.

"அக்கா, அது குணவதியோடது."

அக்கா கையிலிருந்த புளியைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்பிடி வந்தாலும் வரட்டும்டா சாமி. மூஞ்சி இல்லாட்டி என்ன, நம்ம புள்ளதான?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. குணவதி வராமல் போய்விடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை வாசல் தெளித்துவிட்டுக் காத்திருந்தோம். வெயில் கறிவேப்பிலைச் செடிக்கு வந்தபோது ஆற்றுப் பக்கமிருந்து நான் வந்தேன். கால் நனைந்திருந்தது. உடம்பு புதுச் சொம்பு மாதிரி இருந்தது. புருவங்கள் இல்லை. மற்றபடி நான்தான்.

"வாங்க" என்றேன். என்னையே ஆனாலும், முதல்முதலாக வீட்டுக்கு வருகிறவரை வா என்று சொல்வது முறையாகப் படவில்லை. அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார்.

"காசு கெடச்சுதுங்களா?" என்று கேட்டார்.

"கெடச்சுதுங்க. ஆனா அது குணவதி தொலச்சதுங்களே."

"இல்லீங்க. நாந்தானுங்க தொலச்சேன்." அவர் ஈரமில்லாத தன் சட்டைப் பைக்குள் விரலை விட்டார். விரல் மறுபக்கம் வெளியே வந்தது. "நட்டாத்துல தண்ணி இழுத்துச்சுங்க. அவ முடிச்ச அவுத்து, நீங்க பத்தரமா வெச்சுக்கங்கன்னு பையில போட்டா. மூஞ்சில தண்ணி அடிச்சதுல உங்களுக்குத் தெரியல. ஓட்டை வழியா உழுந்துருச்சு."

தொலைத்த விதம் தொலைத்தவருக்குத்தானே தெரியும். நான் என் சட்டைப் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வெளியே வந்தது. அவள் எறியவில்லை. என்னை நம்பிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை காலமும் அந்தக் கையை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அழுகை வந்தது, ஆனால் வழவழப்பான முகத்தில் கண்ணீர் நிற்காமல் உடனே கீழே விழுந்தது.

காசை அவர் கையில் வைத்தேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"புளி போட்டுட்டீங்களா?"

"அக்கா போட்டுட்டாங்க."

"அவ வெய்வாளுங்க" என்றார். "செரி, நான் ஊட்டுக்குப் போறனுங்க."

"இருடா, நாஷ்டா பண்ணிட்டுப் போ" என்றாள் அக்கா. அவர் இருக்கவில்லை. காசை வாங்கியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். ஆற்றில் இறங்கி நேராக நடந்தார். அவர் ஏறிய பிறகும் அக்கரை அக்கரையாகவே இருந்தது.

குணவதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஏதோ திட்டுவது தெரிந்தது. அவர் காசை நீட்டினார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் மைச்சிமிழை எடுத்து வந்தாள்.

"என்னடா பண்றா?" என்று அக்கா கேட்டாள். அவளுக்குத் தூரப் பார்வை சரியில்லை.

"புருவம் எழுதறாக்கா."

என் நெற்றியில் வலது பக்கம் குளிர்ந்தது. நிதானமாக, ஓரம் வரைக்கும் குளிர்ந்தது. இடது பக்கம் சட்டென்று ஓர் இழுப்பு. அவள் எழுந்து உள்ளே ஓடினாள்.

"ஏன் ஓடறா?"

"பால் பொங்குதுக்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் என் இடது புருவத்தின் ஓரத்தைத் துடைத்து நேராக்கப் பார்த்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.