டியூக்கின் கிட்னி

சபாரத்தினம் சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். இரண்டும் மலாக்கா டவுனில் ஒரே இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்தவை. ஒன்று வீட்டு வேலைக்கு வரும் இருசம்மாளுடையது. மற்றது பூனையுடையது. இரண்டிலும் கிரியேட்டினின் என்ற வரிக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி. இருசம்மாளுக்கு 151, பூனைக்கு 148. நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்று தாளிலேயே அச்சடித்திருந்தது.

ரெண்டு பேருக்கும் கிட்னி பழுது என்று, பரீட்சை முடிவை வாசிக்கும் தலைமையாசிரியர் தோரணையில் அறிவித்தார்.

அவர் டாக்டர் அல்ல. ரெம்பியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் டிரெஸ்ஸராக, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவராக இருந்தவர். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, பிழைத்தவர்களைத் தன் பேரிலும் செத்தவர்களைக் கடவுள் பேரிலும் எழுதிக்கொண்டவர். ஓய்வு பெற்று, பத்து பெரண்டாம் என்ற ஊரில் வீடு வாங்கி வந்த பிறகும் பழைய தோட்டத்துச் சனங்கள் ஆஸ்பத்திரித் தாள்களோடு அவரைத் தேடி வந்தார்கள். தாள் இங்கிலீஷில் இருக்கும். தாளைப் பார்க்கும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் தங்கள் வியாதியைத் தெரிந்துகொண்டார்கள். அந்த முகத்தை அவர் நன்றாகப் பழக்கி வைத்திருந்தார்.

பூனையின் பெயர் டியூக். தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை வளர்த்த நாய்க்கு அந்தப் பெயர். மகன் பிரஷாந்த் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனபோது விட்டுப்போன பூனை அது. அவன் போன பிறகு சபாரத்தினத்தின் மனைவி கனகாம்பிகை வாய்விட்டுப் பேசியதெல்லாம் பெரும்பாலும் அதனோடுதான். அதற்குச் சீனி வியாதி. காலையும் மாலையும் அவளே ஊசி போடுவாள். இப்போது பல் ஈறெல்லாம் அழுகி, எச்சில் வடித்துக்கொண்டு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனது. ஈறு அழுகியிருக்கும்வரை சீனி இறங்காது, பல்லைப் பிடுங்க வேண்டும், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கிட்னியைப் பார்க்க வேண்டும் என்று மிருக டாக்டர் சொல்லித்தான் அந்தத் தாள் வந்தது.

"மயக்க ஊசி போட்டா எழும்பாது. அப்பிடியே விடும்," என்றார் மனைவியிடம். வீட்டில் அவருக்கு யாழ்ப்பாணத் தமிழ், வேலைக்காரர்களிடம் தோட்டத்துத் தமிழ், டாக்டர்களிடம் இங்கிலீஷ்.

இருசம்மாளிடம், பெரியாஸ்பத்திரிக்குப் போய் கிட்னி கிளினிக்கில் நாள் வாங்கு, உப்பைக் குறை, கண்ட வலி மாத்திரையை விழுங்காதே என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன மிகச் சரியான வைத்தியம் அது. அவள் பயந்துபோய் மறுநாளே நாள் வாங்கிவிட்டாள். பூனைக்குத் தன் பங்காக பார்லித் தண்ணீரைச் சிரிஞ்சில் ஏற்றி வாயில் விட்டார். அது கடித்தது.

பூனை ஒட்டி உலர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்த கனகாம்பிகை, ஒரு நாள் அதைக் கூடையில் வைத்து டாக்சிக்குப் போன் செய்தாள். டாக்டரின் இங்கிலீஷ் இவளுக்கு விளங்காதே என்று அவரும் ஏறிக்கொண்டார்.

டாக்டர் ஒரு சீனப் பெண், மகள் வயது. தாளைப் பார்த்தவள், இது மனுஷருக்கான கூடம், மெஷின் போடும் நட்சத்திரமும் மனுஷர் அளவுக்குத்தான், பூனைக்கு நூற்றி அறுபது வரைகூடச் சாதாரணம் என்றாள். யூரியா சரியாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் இல்லை, சலைன் ஏற்றிக்கொண்டே பல்லை எடுத்துவிடலாம். சபாரத்தினம் தன் முப்பது வருட அனுபவத்தை விரிவாக எடுத்துரைத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோட்டத்தில் எத்தனை பூனைகளுக்கு வைத்தியம் பார்த்தீர்கள் அங்கிள் என்று சிரிக்காமல் கேட்டாள்.

பல் போன டியூக் வீட்டுக்கு வந்து, மசித்த கெம்போங் மீனை ஒரு தட்டு காலி செய்தது. இருசம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு, கிட்னி போச்சுன்னீங்களே ஐயா, எப்படி என்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"என் பார்லித் தண்ணிதான். ஒரு வாரம் உள்ள போச்சில்ல, இறங்கிருச்சு. அந்த டாக்டர் பொண்ணே அசந்துட்டா."

அடுப்படியில் கனகாம்பிகையின் கரண்டி நின்றது. பிறகு கிண்டத் தொடங்கியது.

கிளினிக் நாளன்று இருசம்மாள் வழக்கம்போல வேலைக்கு வந்து நின்றாள். கையில் ஒரு போத்தல், வெள்ளையாய்க் கலங்கிய தண்ணீர்.

"இண்டைக்கு உனக்கு கிளினிக் எல்லே?" என்றாள் கனகாம்பிகை.

"போகல லா மா. விடிஞ்சதிலேருந்து சாயந்திரம் வரைக்கும் பெஞ்சில உக்காரணும். நம்ம ஐயா மருந்துதான் குடிக்கிறேன். டியூக்குக்கே இறங்கிருச்சு, எனக்கு இறங்காதா? அதுக்கும் எனக்கும் மூணு நம்பர்தானே வித்தியாசம்."

கனகாம்பிகை அவளை உட்கார வைத்துச் சொன்னாள். பூனைக்குக் கிட்னி கெடவே இல்லை, அதன் அளவு வேறு, மனுஷர் அளவு வேறு, பார்லியால் ஒன்றும் ஆகவில்லை. இருசம்மாள் தலையைத் தலையை ஆட்டினாள். அம்மா நல்ல மனசுக்காரங்க, ஆனால் மருந்து விஷயம் அம்மாவுக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டு வாளியை எடுத்தாள். தரையில் நின்ற அவள் பாதங்கள் ஊறிய ரொட்டி போல வீங்கியிருந்தன.

கனகாம்பிகை ஹாலுக்கு வந்தாள்.

"இஞ்சருங்கோ. நீங்க சொன்னாத்தான் நம்புவாள். சொல்லுங்கோ."

அவர் கையில் நியூஸ் பேப்பர் விரிந்தபடியே இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உன் தாளைச் சரியாகப் படித்தேன், பூனையின் தாளைத் தப்பாகப் படித்தேன். முதல் பாதியை மட்டும் சொல்ல வழியுண்டா என்று பார்த்தார். பழியை மெஷின் மீது போடலாமா, சீனப் பெண் மீது போடலாமா என்று பார்த்தார். எப்படிச் சுற்றினாலும் பூனை குறுக்கே வந்தது. இருசம்மாள் தோட்டத்துச் சனங்களோடு வீடு திரும்பும் ரெம்பியா பஸ்ஸில் இதைச் சொல்வாள். டிரெஸ்ஸர் ஐயா பூனையை மனுஷனாகப் படித்தாராம் என்று பஸ்ஸே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு ஒருவர் யோசிப்பார், என் புருஷன் தாளை இவர் எப்படிப் படித்தார் என்று. இன்னொருத்தர் தன் பிள்ளையின் தாளை நினைப்பார்.

"இருசம்மா," என்று கூப்பிட்டார்.

அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கனகாம்பிகை கதவோரம் நின்றாள்.

"ஐயா?"

"அந்த பார்லி..."

"ஆமாங்கய்யா."

"சீனி போடாமத்தானே குடிக்கிற?"

"ஒரு சொட்டுக்கூட இல்லீங்கய்யா."

"ம்," என்றார். பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கனகாம்பிகை அவரைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பூனைக்கு ஊசி எடுத்தாள்.

மாலையில் வேலை முடிந்து இருசம்மாள் வாசலில் செருப்பை மாட்டப் பார்த்தாள். வார் விரலைத் தாண்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலில் முயன்றாள். பிறகு தனக்குத்தானே எதற்கோ சிரித்தபடி குனிந்து, இரண்டு செருப்பையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையில் போத்தல் இருந்தது. வெயிலின் சூடு இறங்காத தார் ரோட்டில் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்று, போத்தலைத் திறந்து, அண்ணாந்து குடித்தாள்.