பள்ளத்தில் பிறந்த சொல்

எங்கள் ஊரில் பேச்சு வருஷத்துக்கு ஒரு முறை பிறக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கட்டணக் கழிப்பறையைத் தாண்டினால் ஒரு பள்ளம். அதற்கடியில் ஆதிமனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் பேச ஆரம்பிக்காதவர்கள். அவர்களில் எவனாவது முதல் சொல்லைச் சொன்னால்தான் அடுத்த வருஷமும் மேலே நாம் பேச முடியும். இல்லாவிட்டால் ஊரே ஊமை.

தானாக வாயைத் திறக்கிற ஜென்மங்களா அவை? அதனால் நகராட்சி வார்டுக்கு ஒரு ஆளைத் துணைக்கு இறக்குகிறது. இறங்கியவருக்கு மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் பேச்சு முழுக்கப் போய்விடும். அதற்கு முன்னால் வீட்டு ஆள், கல்யாணமானவர் என்றால் மனைவிதான், வந்து பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டால் ஏறி வந்துவிடலாம். நகராட்சி ஒன்றும் கல்நெஞ்சு இல்லை. ஆனால் கல்யாணமான ஆம்பளைகளாகப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். அவர்கள்தான் ஏறி வருவதில்லை.

இந்த வருஷம் எங்கள் வார்டில் வெயிலுமுத்து. சைக்கிள் கடை வைத்திருந்தவர். காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தானே நடந்துபோய் இறங்கினார்.

அவர் மனைவி சுப்புத்தாய் புருஷன் பேரை ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். எல்லாப் பெண்களும் அப்படித்தான். இவள் அதற்கும் மேலே போய் வெயில் என்ற சொல்லையே விட்டுவிட்டாள். "இன்னைக்கு மேல காயிறது ஜாஸ்தி" என்பாள். அக்கா மகன் முத்துவை "சின்னவன்" என்பாள். அவன் ஆறடி உயரம்.

வெயிலுமுத்துவும் அவள் பேரைச் சொன்னதில்லை. அவருக்கு ஆயுசுப் பயமெல்லாம் கிடையாது. "இந்தா" என்றால் வந்து நிற்கிறாள், அப்புறம் பேர் எதற்கு என்று இருந்துவிட்டார்.

சுப்புத்தாய் பள்ளத்துக்கு வந்தபோது கண்காணிப்பாளர் அருளப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"யாருக்கு வந்துருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு."

"பேரு?"

அவள் வானத்தைக் காட்டினாள். பிறகு காதிலிருந்த முத்துக் கம்மலைத் தொட்டுக் காட்டினாள்.

"ஜாடையெல்லாம் ரேஷன் கடையில வச்சுக்கங்கம்மா. இங்க வாயால சொல்லணும். சத்தமா."

"நீங்க ஒரு தரம் கூப்பிட்டுருங்களேன். புண்ணியமாப் போகும்."

"நான் கூப்பிட்டா என்கூட வந்துருவாரு. அப்படி வந்தவங்களே வீட்ல நாலு பேரு இருக்காங்க. என் சம்சாரம் வையுது."

சுப்புத்தாய் எட்டிப் பார்த்தாள். பள்ளம் நேற்றைவிட ஆழமாக இருந்தது. பேசாமல் இருக்க இருக்க அது இறங்கும். கீழே தடித்த புருவமும் கையில் கல்லுமாக ஆதிமனிதர்கள் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சட்டை போட்டவர்கள். போன வருஷம் இறங்கிய தபால்காரர் தன் காக்கித் தொப்பியை மென்றுகொண்டிருந்தார். ஓரத்தில் வெயிலுமுத்து இருந்தார். இஸ்திரி இன்னும் கலையவில்லை. கையில் ஒரு கல்லைக் கொடுத்திருந்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்து ஆளைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார்.



"பேரச் சொன்னா ஆயுசு எவ்வளவுய்யா குறையும்?"

"அது சுகாதாரப் பிரிவு. அவங்க சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. சீக்கிரம் கூப்பிடுங்க, சங்கு ஊதப் போறான்."

சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் அவரே இல்லாமல் போவார். குறைந்தாலும் பரவாயில்லை, வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். பாழாய்ப்போன வாய், பழகின வழியிலேயே போயிற்று.

"ஏங்க!"

பள்ளத்திலிருந்த அத்தனை புருஷன்களும் திரும்பிப் பார்த்தார்கள். தபால்காரர் தொப்பியைக் கீழே போட்டார். கல் வைத்திருந்த ஆதிமனிதர்கள்கூட ஏதோ வேலையிருப்பதைப் போல எழுந்து நின்றார்கள்.

"போச்சு. அது பொதுச்சொல்லு. செல்லாது" என்றார் அருளப்பன்.

அப்போது கீழே ஒரு கிழட்டு ஆதிமனிதன் வாயைத் திறந்தான். உதட்டை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தான்.

"ஏங்க" என்றான்.

பக்கத்தில் நின்றவன் அவனைப் பார்த்து "ஏங்க" என்றான். ஒருத்தன் கல்லிடம் சொன்னான். இன்னொருத்தன் தன் காலிடம் சொன்னான். பள்ளம் முழுக்க ஏங்க, ஏங்க என்று பொங்கியது.

அருளப்பன் பஜ்ஜியை எறிந்துவிட்டு மணியை அடித்தார். "பொறந்துருச்சு!" பேருந்துகளிலிருந்து ஜனங்கள் இறங்கி ஓடிவந்து கைதட்டினார்கள். சுண்டல்காரர் எல்லாருக்கும் இனாமாகக் கொடுத்தார். சுப்புத்தாய் கையிலும் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்கள். அவள்தான் ஊரைக் காப்பாற்றியவளாம். அடுத்த வருஷம் வரைக்கும் பள்ளத்தை மூடிவைக்க இரண்டு பேர் இரும்பு மூடியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"ஐயா, இருங்க! இப்பச் சொல்லிருதேன்!"

"உங்க ஒரு தரம் முடிஞ்சுபோச்சும்மா."

அவள் கேட்கவில்லை. "வெயிலுமுத்து!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவை. வாய் பொசுங்குமென்று நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எத்தனை லேசான பேர்! இதையா இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தோம் என்று அழுகை வந்தது. "வெயிலுமுத்து! வெயிலுமுத்து!"

கீழே ஒரே ஒரு சொல்தான் பிறந்திருந்தது. மற்றதெல்லாம் வெறும் சத்தம். வெயிலுமுத்து, காக்கை கத்தினால் பார்ப்பதைப் போல அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். கல்லைக் கீழே வைத்தார். கையை அவளுக்கு நேராக நீட்டினார்.

"ஏங்க" என்றார்.

"கூப்பிடுதாகய்யா! என்னைத்தான் கூப்பிடுதாக! நான் கீழ போகட்டுமா?"

அருளப்பன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே யோசித்தார். "போலாம். கீழ இருக்கவங்க கூப்பிட்டா மேல இருக்கவங்க போலாம். ஆனா பேரச் சொல்லிக் கூப்பிடணும்."

சுப்புத்தாய் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டாள். தலையை உள்ளே நீட்டினாள்.

"சுப்புத்தாய்! சொல்லுங்க. சுப்..."

"ஏங்க."

"சுப்பு. அது போதும். சுப்பு."

"ஏங்க" என்றார் அவர், பொறுமையாக.

சங்கு ஊதியது. அவளைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு மூடியைப் போட்டார்கள். சனம் கலைந்தது. பேருந்துகள் கிளம்பின. அருளப்பன் ஸ்டூலை மடக்கினார்.

"வீட்டுக்குப் போங்கம்மா. வெயிலா இருக்கு."

"ஆமா, வெயில்" என்றாள் சுப்புத்தாய். இனிமேல் அதைச் சொல்வதில் தடையொன்றும் இல்லை.

மூடிக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எந்தப் புருஷன் என்று தெரியவில்லை. அவள் மூடியின்மேல் போய் உட்கார்ந்தாள். இரும்பு சுட்டது.

"இருக்கேன், இருக்கேன்" என்றாள், எல்லாருக்கும் பொதுவாக.