மார்த்தாள் சொன்ன ஆறு

1

இந்தக் கதைக்குக் காரணமான கேள்வியை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் கதையின் திருப்பம் என்று நினைத்துக்கொள்வீர்கள். இது திருப்பம் இல்லை, நான் செய்த தப்பு.

சென்னையில் ஒரு தொலைக்காட்சியின் வினாடி வினா நிகழ்ச்சிக்கு இரண்டு வருடம் கேள்வி எழுதினேன். சேர்ந்த புதிதில் பொது அறிவுப் புத்தகங்களை மேசையில் அடுக்கிவைத்துக்கொண்டு கடினமான கேள்விகளாக யோசித்தேன். முதல் வாரமே தயாரிப்பாளர் கூப்பிட்டு விளக்கினார். கஷ்டமான கேள்விக்குத் தப்பான பதில் வந்தால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். சுலபமான கேள்விக்குத் தப்பான பதில் வந்தால் அடுக்களையில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஆகவே முதல் கேள்வி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததாக இருக்கட்டும், கேட்கிற விதத்தில் மட்டும் பதற்றம் இருக்கட்டும் என்றார்.

'இந்தியாவின் தலைநகரம் எந்த நாட்டில் இருக்கிறது?' என்று ஒருமுறை எழுதினேன். ஒரு பட்டதாரி 'டெல்லி' என்றார். அன்று அலுவலகத்தில் எனக்குக் கைகொடுத்தார்கள்.

'ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?' என்று எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"காஞ்சிபுரத்தை அடுத்த பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் மார்த்தாள் என்றொரு அப்பாவிப் பெண் இருந்தாள். உலகம் அறியாத அவள்"

நிறுத்திவிட்டேன். பதினோரு வருடமாக ஷூ கம்பெனியில் தையல் இயந்திரம் ஓட்டுகிற, முப்பத்தாறு வயதான ஒருவருக்கு உலகம் தெரியாது என்று எழுத நான் யார்? 'இருந்தாள்' என்பதையும் 'இருந்தார்' என்று மாற்றினேன்.

அடுத்தது:

"செய்யாற்றில் நீர் பெருகி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில்"

நான் போன அன்று ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்று கவனிக்கவே இல்லை. இதையும் அடித்தாயிற்று. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லது.

(மார்த்தாள் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. "எழுதிக்கங்க, ஆனா பேர மாத்திக்கங்க" என்றார். எந்தப் பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது அவரே இதைத் தேர்ந்தெடுத்தார்.)

3

மார்த்தாளின் கணவர் தானியேல் கொத்தனார். ஒரே மகள் ஏஞ்சல், உத்திரமேரூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கம்பெனி பஸ் மார்த்தாளை இறக்கிவிட்ட பிறகு அம்மாவும் மகளும் சேர்ந்து எங்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். போட்டியாளர் வாயைத் திறக்கும் முன்பே இரண்டு பேரும் பதில் சொல்லிவிடுவார்கள். "இங்க உக்காந்து சொல்றத அங்க போயி சொல்லும்மா" என்று ஏஞ்சல்தான் போனில் விண்ணப்பத்தை நிரப்பினாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு நடந்தது. இருபத்தைந்து கேள்விகள், எழுத்துத் தேர்வு. நானூறு பேர் எழுதி முப்பது பேர் தேறினார்கள். மார்த்தாள் அதில் ஒருவர்.

(அந்த இருபத்தைந்து கேள்விகளையும் நான்தான் எழுதினேன். எல்லாமே கொஞ்சம் யோசிக்க வைக்கிறவை. அவற்றை டிவியில் காட்டுவதில்லை.)

படப்பிடிப்பன்று காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி, நாலு மணிக்குத்தான் மேடையேற்றினார்கள். அதுவரை பிஸ்கட்டும் தேநீரும். குளிரூட்டி உடம்பைத் துளைத்தது, விளக்கு கண்ணைக் கூசவைத்தது. எதிரே முகம் தெரியாத கூட்டம். தொகுப்பாளர் கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தார்.

"ஆறு" என்றார் மார்த்தாள்.

"உறுதியா சொல்றீங்களா?"

"உறுதி சார்."

தொகுப்பாளர் மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவர் எங்கே திரும்புவார் என்று கேமராவுக்கு முன்பே தெரியும். மேடையின் படியில் இறங்கும்போதுதான் மார்த்தாளுக்கு உறைத்தது. திரும்பி நின்று "ஏழு" என்றார். அதற்குள் மைக்கைக் கழற்றியிருந்தார்கள்.

கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்ததால் சிரித்தேன் என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். பொய். நானாகத்தான் சிரித்தேன்.

4

நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அந்தப் பதில் மட்டும் தனியாகப் பரவியது, பத்தொன்பது விநாடி வீடியோ. யாரோ அதற்கு மேளச் சத்தம் சேர்த்தார்கள். வேறு யாரோ காலண்டர் படத்தைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமையைக் கத்தரியால் வெட்டுவது போல் செய்தார்கள். கம்பெனி பஸ்ஸில் பின் இருக்கையில் ஒருத்தி போட்டுக்காட்ட, சிரிப்பு முன் இருக்கைவரை வந்தது. முதல் வாரம் மார்த்தாளும் கூடச் சேர்ந்து சிரித்தார். இரண்டாவது வாரம் முடியவில்லை.

பள்ளியில் ஏஞ்சலுக்கு 'ஆறு' என்று பெயர் விழுந்தது. வயிற்றுவலி என்று சொல்லி நாலு நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. தொல்லை அதோடு நிற்கவும் இல்லை. கம்பெனியில் மார்த்தாளின் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்த அம்முலு பிரசவத்துக்குப் போனவர், வேலையை விட்டே நின்றுவிட்டார். மூன்று மாதமாக அந்த முப்பத்தெட்டுப் பெண்களை மேய்த்துக்கொண்டிருந்தது மார்த்தாள்தான். அந்த மாதம் பதவியை உறுதி செய்வதாக இருந்தார்கள். அலுவலக அதிகாரி கூப்பிட்டு, கோபமாக இல்லை, நயமாகவே சொன்னாராம்: "கொஞ்ச நாள் போகட்டும்மா. இப்ப போட்டா லைன்ல யாரு மதிப்பாங்க?"

5

டிவி அலுவலகத்துக்கு ஒரு பெண் மூன்று தடவை போன் செய்தார் என்றும், யாரும் பேச விரும்பவில்லை என்றும் சொல்லி என்னிடம் தள்ளிவிட்டார்கள். வீடியோவை எடுக்கச்சொல்லி அழப்போகிறார் என்று நினைத்து, சொல்லவேண்டிய பதிலை மனதுக்குள் தயார்செய்துகொண்டேன். அது தேவைப்படவில்லை.

"சார், மண்டபத்துல ஒரு பரீட்ச வெச்சீங்களே, அந்த பேப்பர் இன்னும் உங்ககிட்ட கீதா?"

எதற்கு என்று கேட்டேன். ஆபீசில் காட்ட வேண்டும் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த விடைத்தாள்கள் ஒரு சாக்கில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே கிடந்தன. இரண்டு மதியம் தேடினேன். மார்த்தாளின் தாள் கிடைத்தது. இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. தாள்களை வெளியே கொடுக்கக் கூடாது என்று விதி. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

(இந்த இடத்தில் என்னை நல்லவனாக்கிக்கொள்ள நிறைய வசதி இருக்கிறது. ஒரு தாளைத் திருடினேன், அவ்வளவுதான்.)

6

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய், வேறு பஸ் ஏறிப் பெருநகரில் இறங்கினேன். ஆராதனை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருந்தார்கள். தானியேல் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஏஞ்சல் கதவை ஒட்டி நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

தாளோடு நான் இன்னொன்றும் கொண்டுபோயிருந்தேன். வழியெல்லாம் யோசித்த ஒரு விளக்கம். கம்பெனியில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை. உழைக்கிறவரின் வாரம் ஆறு நாள்தான். ஆகவே அவர் சொன்னது தப்பே இல்லை, கேட்டவர்களுக்குத்தான் புரியவில்லை. இதை ஒரு பத்திரிகையில் எழுதினால் சிரித்தவர்கள் எல்லாரும் தலைகுனிவார்கள். ஆர்வத்தோடு சொன்னேன். மார்த்தாள் முழுவதையும் கேட்டார்.

"இல்ல சார். ஏழு நாளுன்னு எனக்குத் தெரியும். ஏழாவது நாளு சர்ச்சுக்குப் போய்க்கினுதான கீறேன். அன்னிக்கி வாய் தவறிடுச்சி."

எழுதினால் உங்களுக்குத்தான் நல்லது, வாசிக்கிறவர்களும் ஏற்றுக்கொள்வார்கள் என்று மறுபடி சொல்லிப்பார்த்தேன்.

"எனக்கு ஒரு காரணம் கட்டாதீங்க சார். தப்பா சொன்னேன், தப்புதான். அத்த வெச்சி முட்டாளுன்னும் சொல்ல வேணாம், ஞானின்னும் சொல்ல வேணாம்."

(பஸ்ஸில் வரும்போது இதைவிட மோசமான இன்னொரு விளக்கமும் தோன்றியது. பாலாறு, செய்யாறு என்று ஆறுகளுக்கு நடுவில் பிறந்தவர் வாயில் 'ஆறு' வருவது இயல்புதானே என்று. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்வதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.)

கதவை ஒட்டி நின்ற ஏஞ்சல் கேட்டாள்: "அந்தக் கேள்விய எழுதுனது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"ஏன் அவ்ளோ ஈசியா கேட்டீங்க?"

எளியவர்களுக்கு வாய்ப்பு, நம்பிக்கையூட்டுவது என்று நாங்கள் நிருபர்களுக்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அது தொண்டைவரை வந்தது. "தப்பா சொன்னா சிரிக்கலாம்னுதான்" என்றேன்.

"நீங்களும் சிரிச்சீங்களா சார்?" என்று கேட்டார் மார்த்தாள்.

"சிரிச்சேன்க்கா."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போகச்சொல்வார் என்று எதிர்பார்த்தேன். போகச்சொல்லியிருந்தாலும் நியாயம்தான்.

"நாங்களுந்தான் சிரிச்சிக்கீறோம். டெல்லின்னு ஒர்த்தரு சொன்னாரே, அத்த இவ நாலு வாட்டி போட்டு பாத்தா. அவரு வூட்லயும் ஒரு பொண்ணு இருந்துருக்கும்."

ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கியவள் மாதிரி இல்லை. அந்த வீட்டுப் பெண்ணை யோசிக்கிறவள் மாதிரி இருந்தது. மறுநாள் காலை யாரும் சொல்லாமலே சீருடையைப் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பஸ்ஸுக்குப் போய் நின்றாளாம்.

7

விடைத்தாள் என்ன ஆயிற்று?

முதலில் எழுதிய வடிவம்: அதிகாரி தாளைப் பார்க்கிறார். இருக்கையை விட்டு எழுந்து, "மன்னிச்சிடுங்கம்மா"

இரண்டாவது வடிவம்: அதிகாரி தாளை வாங்கிக் குப்பைத்தொட்டியில்

இரண்டுமே சினிமாவில் பார்த்தது. நடந்ததை மார்த்தாள் பிறகு போனில் சொன்னார். திங்கட்கிழமை அதிகாரியின் அறைக்குள் போனவர் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு பரீட்சையைக் காட்டிச் சிரித்தார்கள், இன்னொரு பரீட்சையைக் காட்டிச் சிரிக்காதீர்கள் என்று கெஞ்சுவதா என்று வாசலில் நிற்கும்போது தோன்றியதாம்.

"டிவில தப்பா சொன்னேன் சார், மெய்தான். லைன்ல இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. இல்லன்னா அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு நின்றார்.

அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையிலேயே எழுந்து லைனுக்குப் போனார். மார்த்தாள் பின்னாலேயே நடந்தார். அங்கே இருப்பவர்கள் பஸ்ஸில் சிரித்த அதே பெண்கள். பாதி வழியில், அவர்களைக் கேட்கச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்திருக்கிறார். அந்த நடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுத முடியும். நான் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததில்லை என்பதால் எழுதவில்லை.

மார்த்தாள் லைனை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று அதிகாரி எல்லாரிடமும் பொதுவாகக் கேட்டார். பாஞ்சாலி இயந்திரத்தை நிறுத்தினாள். வீடியோவை பஸ்ஸில் முதலில் போட்டுக்காட்டியவள் இவள்தான்.

"ஊசி ஒடஞ்சாலும் நூலு அறுந்தாலும் நாங்க அக்காவத்தான் கூப்புட்றோம் சார். டிவிய இல்ல."

பக்கத்தில் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு நிறையப் பேர். பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. மார்த்தாள் இப்போது அந்த லைனுக்கு சூப்பர்வைசர். பாஞ்சாலி அவரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று விசாரித்தேன். வாயால் கேட்கவில்லை, அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தாள் என்றார்.

வீடியோ? டிவி நிறுவனம் தன்னிடம் இருந்ததை எடுத்துவிட்டது. மற்றவர்கள் நகலெடுத்தவை இன்னும் சுற்றுகின்றன. இதை வாசிக்கும்போது உங்கள் போனிலும் வரலாம். வந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். நான் அந்த வேலையில் இப்போது இல்லை. மனசாட்சி உறுத்தி விலகினேன் என்று எழுத ஆசைதான். ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை.

8

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் பிப்ரவரியில் ஏஞ்சலிடமிருந்து போன் வந்தது. பள்ளியில் வினாடி வினா நடத்துகிறார்கள், கேள்வி எழுதித்தர ஆள் தேடுகிறார்கள், நான் வருவேனா என்று கேட்டாள். போட்டியில் அவளும் பெயர் கொடுத்திருந்ததால் என்ன கேள்வி என்று கேட்கமாட்டேன் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாதபடி எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொரு கேள்வியையும் எழுதி முடித்ததும், இதைத் தப்பாகச் சொல்பவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வந்தால் கிழித்தேன்.

மார்த்தாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கம்பெனியின் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏஞ்சலின் முறை வந்தது. ஆசிரியர் தாளைப் பார்த்து வாசித்தார்:

"கடல் தண்ணி ஆவியாகித்தான் மேகம் ஆகுது. அப்ப மழைத் தண்ணி ஏன் உப்புக் கரிக்கல?"

கூட்டத்தில் எங்கோ ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. ஏஞ்சல் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு ஆசிரியரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். நாலு வாக்கியம் போனதும் நின்றாள். "இருங்க சார், தப்பா போய்க்கினு கீறேன்" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து வேறு விதமாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள். யாரும் ஐந்து, நான்கு என்று எண்ணவில்லை. மார்த்தாள் முன்னால் இருந்த பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் தாளைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் சொன்னது சரியா, ஆசிரியர் என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குப் பதில் தெரியும் என்று தோன்றினால் இப்போதே சொல்லிப்பாருங்கள். மனதுக்குள் வேண்டாம். வாய்விட்டு, பக்கத்தில் யாராவது இருக்கும்போது.