போஸ்டரில் கால்வாசி

அந்தப் போஸ்டரைப் பார்க்கிற போதெல்லாம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சள் பின்னணி, நடுவில் கதாநாயகன். அவன் தோளுக்கு மேலே, போஸ்டரில் கால்வாசியை அடைத்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கி வாயைப் பிளந்தபடி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பேருந்து நிறுத்தத்தில் அவன், பாலத்துச் சுவரில் அவன், அவள் வேலை பார்க்கும் கல்லூரிக்கு எதிரே பொதுக் கழிப்பறைச் சுவர் நெடுக வரிசையாக அவன்.

வேறு ஒருத்தியாக இருந்தால் பூரித்துப்போயிருப்பாள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இவள் படித்ததும், முனைவர் பட்டம் வாங்கியதும், மாலைக் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குவதும் ஒரே விஷயத்துக்காகத்தான். எந்த முகத்தைக் காட்டி, என்ன வகைப் படம் என்று சொல்லி, எப்படி விளம்பரம் செய்து சினிமாக்காரர்கள் ஆளைத் தியேட்டருக்குள் இழுக்கிறார்கள் என்பதே அது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் வீட்டிலேயே இப்படி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு பிரேமாக மாட்டிப் பார்க்கும்போது முகத்தை என்னென்ன கோணல் பண்ணுகிறார்கள் என்று நடித்துக் காட்டி வீடியோ போட்டான். அது பரவி எங்கேயோ போய்விட்டது. எல்லோரும் லென்ஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் பெற்ற தாயே அப்படிக் கூப்பிட்டாள். லட்சக்கணக்கான பேர் ஒரு முகத்தைப் பின்தொடர்கிறார்கள் என்றால் சினிமாக் கம்பெனிக்கு மூக்கில் வியர்க்காமல் இருக்குமா? கூப்பிட்டார்கள், இரண்டு நாள் நடிக்க வைத்தார்கள், அனுப்பினார்கள்.

இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. லென்ஸ் வேலையை விடப்போகிறான் என்பதுதான் தொல்லை. வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு அம்மா கடை முதலாளியையும் அழைத்திருந்தாள். படம் முடிந்த கையோடு அவரிடம் சொல்லிவிடுவதாக லென்ஸ் வீட்டில் அறிவித்திருந்தான். அந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று முதலாளியின் மச்சினன் மகன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். எழுந்தால் எழுந்ததுதான், மறுபடி உட்கார முடியாது.

அந்த வாரம் வகுப்பில் அவள் வழக்கமான பயிற்சியைக் கொடுத்தாள். ஒரு டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த முகம் எந்தச் சுவருக்கு முன்னால், எந்த உடுப்பில் வருகிறது என்று பிரிக்க வேண்டும். எந்த டிரெய்லர் என்று கேட்டதும் வகுப்பு ஒரே குரலில் இந்தப் படத்தைச் சொன்னது. லென்ஸ் இவள் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பகலில் வங்கியில் வேலை பார்க்கும் மாணவிதான் முதலில் கையைத் தூக்கினாள். "மேடம், இந்த லென்ஸ் அஞ்சு ஷாட்ல வர்றாரு. அஞ்சுலயும் பின்னாடி அதே பச்சை ஃப்ரிட்ஜ்!"

"சட்டைக் காலரைப் பாருங்க மேடம்," என்றான் அடுத்த வரிசைக்காரன். "இடது பக்கம் மடங்கியிருக்கு. எல்லாத்துலயும் அதே மாதிரி மடங்கியிருக்கு. ஒரே சீன்தான், ஆளு காலி."

வகுப்பே சிரித்தது. வங்கிக்காரி விடவில்லை. "இன்னொண்ணு மேடம். காமெடின்னு விக்கிறாங்க. ஆனா எல்லா ரூமும் இருட்டா இருக்கு, எல்லாக் கதவும் மெதுவாத் திறக்குது. இது பேய்ப் படம். ஹீரோவோட போன பேய்ப் படம் ஊத்திக்கிச்சுல்ல, அதான் மஞ்சளை அடிச்சு மறைக்கிறாங்க."

"ரொம்ப சரி," என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டாள் அக்கா.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"ஷூட்டிங்ல எத்தனை சட்டை மாத்தினே?"

"ஒண்ணுதான். அந்த கேரக்டர் ஏழை."

"டப்பிங் எவ்வளவு நேரம்?"

"அரை மணி. ஒரே டேக்ல முடிச்சுட்டேன்னு எல்லாரும் கை தட்டினாங்க."

"கடைசியா என்ன எடுத்தாங்க?"

"ஃப்ரிட்ஜைத் திறக்கணும், கத்தணும், விழணும்."

"விழுந்து?"

"அது சஸ்பென்ஸ்னு டைரக்டர் சொல்லிட்டாரு. என்கிட்டயே சொல்லலைன்னா எவ்வளவு பெரிய சஸ்பென்ஸா இருக்கும், பாத்துக்கோ."

"டேய், நீ செத்துட்டடா!"

"வாயைக் கழுவுடி," என்றாள் அம்மா, போனைக் கையால் மூடிக்கொண்டு. அவள் யாரையோ படத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை இப்பதான் தலையெடுக்கிறான். உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

வயிற்றெரிச்சலாம்! பச்சை ஃப்ரிட்ஜ், மடங்கிய காலர், மஞ்சள் பூச்சு என்று அக்கா தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னாள். சுவரிடம் சொல்லியிருந்தால் அதுவாவது பேசாமல் கேட்டிருக்கும்.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா?" என்றான் லென்ஸ். "உன் படிப்பே யாரையும் நம்பாம இருக்கிறதுக்கான படிப்பு. ஒரே சீன்ல வர்றவனுக்குப் போஸ்டர்ல கால்வாசி குடுப்பானா? லூசா அவன்?"

"அவன் லூசு இல்லடா," என்று ஆரம்பித்து மீதியை விழுங்கினாள்.

விழுங்கியும் பிரயோசனம் இல்லை. லென்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "படம் முடியற வரைக்கும் எதுக்கு? இடைவேளையிலேயே முதலாளிகிட்ட சொல்லிடறேன்," என்றான். நல்லது செய்யப் போய் நேரத்தை இன்னும் முன்னுக்கு இழுத்துவிட்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை அம்மா ஒரு வரிசையையே பிடித்திருந்தாள். முதலாளி, பக்கத்தில் லென்ஸ், அடுத்து அம்மா, கடைசியில் அக்கா. படம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நகர்ந்தது. சிரிக்க வந்த கூட்டம் நெளிந்தது. கால் மணி நேரம் கழித்துப் பச்சை ஃப்ரிட்ஜ் வந்தது. விசில் காதைப் பிளந்தது. லென்ஸ் சிரித்தான், கண்ணைப் பிதுக்கினான், ஃப்ரிட்ஜைத் திறந்தான், கத்தினான், விழுந்தான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து கதவைச் சாத்தியது. அடுத்த காட்சியில் ஒரு போலீஸ்காரர் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஆள் அளவுக்குக் கோடு வரைந்துகொண்டிருந்தார்.

இருட்டில் தம்பியின் முகத்தைப் பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

இடைவேளையில் லென்ஸும் முதலாளியும் பாப்கார்ன் வாங்கப் போக, அக்கா பின்னாலேயே ஓடினாள். இவன் வாயைத் திறந்துவிடுவானோ என்று அவளுக்கு உதறல். அம்மாவோ குளிர்பானத்தை உறிஞ்சிக்கொண்டு நிதானமாக வந்தாள்.

"பேய்ப் படத்துல செத்தவங்கதான்டி திரும்பி வருவாங்க. இதுகூடத் தெரியாம என்னத்தைப் படிச்சே?"

அக்கா சீறுவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் அம்மா சொன்னது அவளுடைய பாடத்திலேயே இருந்தது. முதலில் சாகிறவன் கடைசியில் வருவான் என்பதை இந்த வகைப் படத்தின் அடிப்படை விதி என்று போன மாதம் அவளே பலகையில் எழுதிப் போட்டிருந்தாள்.

லென்ஸ் அவள் காதருகே குனிந்தான். "முகத்துல வெள்ளைப் பவுடரை அப்பி, ஃப்ரிட்ஜுக்குள்ள உக்கார வெச்சு, சிரிக்கச் சொல்லி ஒண்ணு எடுத்தாங்கக்கா. அது இன்னும் வரலை. வரட்டும், அப்புறம் முதலாளிகிட்ட பேசிக்கிறேன்."

"வெள்ளைப் பவுடரா? இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"எங்க சொல்ல விட்டே? வந்ததும் வராததுமா என்னைச் சாகடிச்சுட்டே."

இரண்டாம் பாதியில் அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். படத்தில் எந்தக் கதவு திறந்தாலும் அவள் கை அம்மாவின் கையைப் பிடித்தது. சமையலறை வந்தால் ஃப்ரிட்ஜைத் தேடினாள். கதாநாயகனின் காதல், சண்டை, அழுகை எதுவும் மண்டையில் ஏறவில்லை. எங்கேடா போனே, வாடா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பேய் வந்தது, அது வேறு யாரோ. பேயை ஓட்டினார்கள். கதாநாயகன் கதாநாயகியோடு காரில் ஏறிப் போனான். விளக்குகள் எரிந்தன.

எல்லோரும் வெளியே போனார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. திரையில் பெயர்கள் மேலே ஓடின. ஒப்பனை, ஒலி, வண்டி ஓட்டியவர், சாப்பாடு போட்டவர் என்று அத்தனை பேரும் ஓடினார்கள். துடைப்பத்தோடு வந்த பெண் அவள் காலடியில் கிடந்த பாப்கார்னைக் கூட்டிவிட்டு, இவளுக்கு என்ன வந்தது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

லென்ஸ் தேடிக்கொண்டு வந்தான். "என்னக்கா பண்றே? எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க."

"இருடா. சில படத்துல பேரெல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு சீன் வைப்பாங்க."

அவனும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். கடைசிப் பெயரும் மேலேறிப் போய், திரை வெறுமையாகி, அப்படியே இருந்தது.

"முதலாளி என்ன சொல்றாரு தெரியுமா?" என்றான் லென்ஸ். "படம் பூரா நீதான்டா வந்தேங்கறாரு. அம்மாவும் அதையேதான் சொல்லுது. மூணு வாரமா டிரெய்லரைப் போட்டுப் போட்டுப் பாத்ததுல எல்லாம் கலந்துபோச்சு போல. நீ சொல்லுக்கா. நீதான் உள்ளதைச் சொல்லுவே."

நாக்கு நுனியில் அத்தனை நேரம் காத்திருந்த வாக்கியத்தை அக்கா தேடினாள். அது அங்கே இல்லை.

"நீ வருவேன்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்டா," என்றாள். குரல் உடைந்துவிட்டது. தெரிந்தே ஏமாந்த ஆத்திரமா, அவன் வராமலே போன துக்கமா, எது என்று பிரிக்க அவளால் முடியவில்லை.

லென்ஸ் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் கோணல் எதுவும் இல்லை. வெறும் முகமாக இருந்தது.

வாசலில் அம்மா முதலாளியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். "பாருங்க, அவ்வளவு பேசினவ, கடைசி ஆளா எழுந்து வர்றா. அவளுக்கே எழுந்து வர மனசில்ல!"

அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

முதலாளி, லென்ஸை நிற்க வைத்துப் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் அந்த மஞ்சள் போஸ்டர். "என்னமோ சொல்லணும்னு அம்மா சொன்னாங்களே தம்பி, என்னப்பா அது?"

லென்ஸ் காலரை நேராக இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல சார். நாளைக்குக் காலையில கடை நான்தானே திறக்கணும்?"