பாரணைக் கஞ்சி

என் கணவர் சந்திரகுமார் கத்தியைப் பிடித்தால் எமனே ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பான் என்று ஆரணியில் சொல்வார்கள். கழற்றட்டும். என் வீட்டு வாசலில் அவர் செருப்பைத்தான் காணோம்.

செய்யாறு, வந்தவாசி, வேலூர் என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் வேண்டும். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னத் துளை போட்டே முடித்துவிடுகிறாராம். போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். காலேஜில் படிக்கும் எங்கள் மகள் மஹிமா அப்பாவைப் பார்ப்பது பெரும்பாலும் அந்த மாதிரி போர்டில்தான். அதிலாவது சிரிக்கிறார்.

நேற்று அவள் அனந்த நோன்பு இருந்தாள். வெந்நீர் தவிர ஒன்றுமில்லை. இன்று காலை வெயில் வந்ததும் பாரணை. நோன்பு முடிக்கும் முதல் வாய்க் கஞ்சியை அப்பா கையால்தான் குடிப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவரும் தலையாட்டினார். விடிவதற்குள் யாரோ ஒரு அம்மாவுக்கு உயிர் போகிற அவசரம் என்று ஃபோன் வந்தது, போய்விட்டார்.

"நான் ஊட்டறேன்டி, பேஜார் பண்ணாத."

"வேணாம்மா. அப்பா வருவாருன்னு நீதானே சொன்ன."

சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட.

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. அதற்குள் அவர் வராவிட்டால் நாளைக் காலை வரை பிள்ளை பட்டினி.

சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். எதிர்வீட்டுப் பன்னீர்செல்வம் சாயம் தோய்த்த பட்டு நூலைத் தெருவில் மூங்கிலில் காயப்போட்டிருந்தார். மஞ்சளும் பச்சையும் அரக்குமாகக் காற்றில் ஆடியது. எங்கோ தறிச் சத்தம் நிற்பதும் தொடங்குவதுமாக இருந்தது. நானும் அவள் பக்கத்தில் சாய்ந்தேன். எது தூக்கம், எது விழிப்பு என்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா, அப்பா மஞ்ச நூலுக்குள்ள நடந்து வந்துகினு இருக்காரு."

"பசி மயக்கம்டி."

"இல்லம்மா. அவசரமே இல்லாம வராரு. பாக்க நல்லா இருக்கு."

கனவிலாவது மனுஷன் நிதானமாக நடக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

கார் சத்தம் கேட்டது. நிஜமாகவே வந்துவிட்டார்! படவேட்டு மலைப் பக்கம் சூரியன் இன்னும் ஒரு முழம் உயரத்தில் இருந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடி, பயத்தங்கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினேன். மஹிமா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து மணையில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அந்தம்மா பொழைச்சிட்டாங்க, அனு!" என்று சிரித்தபடி நுழைந்தார். "ஒரு நிமிஷம், கை கழுவிக்கினு வரேன்."

கழுவினார். விரல் விரலாக, நகம் நகமாக, முழங்கை வரை. கண் பாதி மூடியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் இப்படித்தான் கழுவுவாராம். அப்போது உலகமே மறந்து போகுமாம். குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னலில் மஞ்சள் வெயில் சிவப்பானது.

"என்னங்க, ஜல்தி வாங்க, பொழுது போவுது!"

"இதோ, இதோ." மறுபடி இடது கையிலிருந்து தொடங்கினார்.

கிண்ணத்தை நானே அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண் குழாய்ப் பக்கமே இருந்தது.

அவர் வந்தபோது ஜன்னல் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்தி, எதையும் தொட்டுவிடாமல், சொட்டச் சொட்ட நின்றார்.

"குடு, அனு."

"எதைக் குடுக்கறது? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. சூரியன் போயாச்சு."

ஜன்னலைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"மஹி, காலைல கட்டாயம்..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார். காலையில் ஆபரேஷன் இருப்பது எனக்கும் தெரியும். வழக்கம்போல நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று எதிர்பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"காலைல எட்டு மணிக்கு ஒரு கேஸ் இருக்கும்மா," என்றார் மெல்ல.

மஹிமா எழுந்து, தன் துப்பட்டாவால் அவர் கைகளைத் துடைத்துவிட்டாள்.

"சூரியன் ஆறு மணிக்கே வந்துடும்பா," என்றாள்.