விலங்கியலுக்கு ஆறு எண்கள்

கல்லூரி விண்ணப்பத்தில் கணினி அறிவியலை என் முதல் விருப்பமாகப் போட்டவர் செம்மேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தனசேகரன் அண்ணன்தான். "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்றார். எனக்கு விலங்கியல் வேண்டும். மழைக்கு எங்கள் வயலில் கத்தும் தவளைகளைப் பற்றிப் படிக்க ஆசை. சிரிப்பாரோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

மாற்றுவதற்கான கடைசி நாளில் மறுபடி போனேன். மணி நாலு ஐம்பது. ஐந்துக்கு விண்ணப்பப் பக்கம் மூடிவிடும்.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றபடி மாற்றினார். "ஓடிபி எந்த போனுக்கு வரும்? அதைப் போட்டாத்தான் சேவ் ஆகும்."

அப்பாவின் போனுக்கு. எங்கள் ஊரில் மேட்டுப் பலாமரத்தடியில் மட்டும்தான் டவர் கிடைக்கும். அதனால் போனை ஒரு பையில் போட்டு அந்த மரத்திலேயே தொங்கவிட்டிருப்போம். அண்ணனின் போனிலிருந்து மூன்று முறை அடித்த பிறகு அம்மா எடுத்தாள்.

"அம்மா, மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும். சீக்கிரம் படிம்மா."

"எழுத்து தெரியலயே கண்ணு. கண்ணாடி ஊட்ல இருக்குது, எடுத்துட்டு வாரேன்."

"வேண்டாம்மா, பக்கத்துல யாராச்சும்..."

"எல்லாரும் காட்டுக்குப் போயிட்டாங்க சாமி."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் மேட்டிலிருந்து இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு காற்று மட்டும் கேட்டது. ஐந்தானதும் திரையில் அந்தப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. தனசேகரன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா மூச்சு வாங்க மறுபடி போனுக்கு வந்து சேர்ந்தாள்.

"நாலு... ஏழு... எழுதிக்கிட்டயா கண்ணு?"

"ம்" என்றேன்.

மீதி எண்களையும் அவள் நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தாள்.