மோஜா உயிரோடு இருக்கிறதா

காலையிலிருந்து ஸ்வீட்டி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. டம்ளரைக் கிட்டே கொண்டுபோனாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஒரு மடக்குதான் மக்ளே. மாத்திரை உள்ள போகணும்லா" என்று ஜெனி கெஞ்சினாள்.

"வேண்டாம்மா. பயமா இருக்கு."

"தண்ணியக் கண்டா என்னட்டி பயம்?"

பக்கத்து வீட்டுச் சாயிரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வீட்டியின் வகுப்புத்தான். "ஆன்ட்டி, நாய் கடிச்சாத்தான் தண்ணியப் பார்த்து பயம் வரும்னு எங்க மிஸ் சொன்னாங்க" என்றாள்.

ஜெனி திரும்பினாள். "யார நாய் கடிச்சுது?"

சாயிரா வாயைப் பொத்திக்கொண்டாள். அது போதுமாக இருந்தது. ஜெனி மகளின் பாவாடையை விலக்கி இரண்டு கால்களையும் தடவிப் பார்த்தாள். இடது கெண்டைக்காலில் உளுந்தம்பருப்பு அளவில் இரண்டு தழும்புகள். ஆறிக் கறுத்துப்போயிருந்தன.

"என்னைக்கு?"

"டிராயிங் போட்டி அன்னைக்கு" என்று ஸ்வீட்டி முனகினாள்.

சுவரில் தொங்கிய சர்ச் காலண்டரில் ஜெனி விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது நாள்.

அந்த நாள் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஸ்கூல் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிற வேலை, சாயங்காலத்துக்குள் இருநூறு உருப்படி கொடுத்தாக வேண்டும். ஒன்பது வயது ஸ்வீட்டிக்கோ வாய் ஓயாது. பல்லி எப்படி மோட்டில் ஒட்டுகிறது, கொசு ஏன் காதுகிட்டயே வந்து பாடுகிறது, நாய் படுப்பதற்கு முன்னால் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அன்றைக்கு மெஷினருகில் வந்து நின்று, "அம்மா, மோஜா தூங்கும்போது ஓடுறாப்ல காலை உதறுதே, நாய்க்கும் கனவு வருமா?" என்றாள். சந்து நாய்களில் ஒன்று மோஜா. செம்பட்டை நிறம், கட்டை வால். வலது முன்னங்கால் மட்டும் காலுறை போட்டதுபோல வெள்ளையாக இருப்பதால் பிள்ளைகள் ஹிந்தியில் வைத்த பெயர்.

ஜெனி மெஷினை நிறுத்தவில்லை. "எனக்கென்னட்டி தெரியும்? போயி அதுகிட்டயே கேளு."

பிள்ளை போய்க் கேட்டிருக்கிறாள். தூங்குகிற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கனவு பாதியில் இருக்கும்போதே உலுக்கி எழுப்பியிருக்கிறாள். திடுக்கிட்டு விழித்த நாய் எதிரே இருந்த காலைக் கவ்விவிட்டது. அடி விழும் என்று அவள் வீட்டில் மூச்சே விடவில்லை.

செம்பூர் ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி ஸ்வீட்டியின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். தொண்டை சிவந்து வீங்கியிருக்கிறது, விழுங்க வலிப்பதால்தான் தண்ணீருக்குப் பயப்படுகிறாள், பெரும்பாலும் டான்சில்தான் என்று ஹிந்தியில் சொன்னாள். ஆனாலும் பத்தொன்பது நாள் ஊசி போடாமல் இருந்திருக்கிறீர்கள், இன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும் என்றாள்.

"பெரும்பாலும்னா?" என்று கேட்டாள் ஜெனி. "ஒருவேளை அந்த நோய்தான்னா? அதுக்கு மருந்து?"

"அது வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் மருந்தில்லை" என்றாள் டாக்டர். பிறகு அவசரமாக, "அந்த நாய் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டாள்.

ஜெனிக்குப் புரியவில்லை. டாக்டர் பொறுமையாக விளக்கினாள். வெறிநோய் நாயின் எச்சிலுக்கு வந்துவிட்டால் அந்த நாய் அதிக நாள் தாங்காது. கடித்த பத்து நாளைக்குள் நோய் முற்றிச் செத்துவிடும். பத்து நாள் தாண்டியும் அது நன்றாக நடமாடுகிறது என்றால், கடித்த அன்று அதன் எச்சிலில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "நாயைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் நீங்கள் பயப்படவே வேண்டாம்."

சான்பாடா கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற டென்சில், வேலையைப் போட்டுவிட்டு அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்தான். ஜெனி கணவனிடம் மகளை ஒப்படைத்தாள். "நீங்க பிள்ளகிட்ட இருங்க. நான் நாயப் பாத்துட்டு வாரேன்."

"ஏ ஜெனி, சீத்தா கேம்ப்ல எத்தன நாய் கிடக்கு. எங்கன்னு தேடுவ?"

அவள் அதற்குள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியிருந்தாள்.

சந்தில் மோஜா இல்லை. அது வழக்கமாகப் படுக்கும் தண்ணீர்த் தொட்டியடியில் வேறு இரண்டு கறுப்பு நாய்கள் கிடந்தன. ஜெனி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். "நாயா? யாரு கவனிச்சா" என்றார்கள். போன வாரம் பார்த்தேன் என்றார் ஒருவர், அது வேறு நாய் என்றாள் அவர் மனைவி. மசூதித் தெருவிலிருந்து மார்க்கெட்வரை வெயிலில் நடந்தாள். செம்பட்டையாக எது கண்ணில் பட்டாலும் ஓடினாள். எல்லாவற்றுக்கும் முன்னங்கால் செம்பட்டைதான்.

'ஏசப்பா, அந்த நாய உயிரோட வச்சிரும்' என்று வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. நாய்க்காக அவள் ஒருநாளும் ஜெபித்ததில்லை. போயி அதுகிட்டயே கேளு, போயி அதுகிட்டயே கேளு என்று அவள் குரலே காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. பெற்ற தாய் சொன்ன சொல்.

காடி என்று சொல்லும் உப்பங்கழியின் கரைக் குப்பைமேட்டில் ஒரு நாய் செத்துக் கிடப்பதாக இட்லி விற்கிற முருகம்மாள் சொன்னாள். "செம்பட்டதான். கட்ட வாலு மாதிரிதான் தெரிஞ்சுது. பத்து நாளுக்கு மேல ஆச்சு பாத்துக்க."

ஜெனி அங்கே ஓடினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே போனாள். ஈ மொய்த்த அந்த உடலுக்குப் பாதி வால்தான் இருந்தது. கால் நான்கும் சேறு அப்பிக் காய்ந்துபோய், எது வெள்ளை எது செம்பட்டை என்று தெரியவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்காகக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த வலது முன்னங்காலில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். சேறு கரைந்து ஓடியது. உள்ளே செம்பட்டை. இன்னும் கொஞ்சம் விட்டாள். விரல்வரை செம்பட்டை.

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செத்த நாயைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

திரும்பும் வழியில் கோழிக்கடைக் கரீம் பாட்சா கூப்பிட்டார். கழிவையெல்லாம் சந்து நாய்களுக்குப் போடுகிறவர் அவர். மகள் கல்யாணத்துக்காக ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் கடை திறந்திருந்தார்.

"மோஜாவா தேடுறே? நேத்து நான் கறி போட்டப்பவே அது வரல தங்கச்சி. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"செத்திருக்குமா பாய்?"

"தெருநாய் தன் எடத்த விட்டு லேசுல போகாது. போனா அடுத்த சந்து நாய் உள்ள விடாது, கடிச்சிக் கொதறிடும். ஒண்ணு அது செத்திருக்கணும், இல்ல யாராச்சும் புடிச்சிட்டுப் போயிருக்கணும்." கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "குடும்பக் கட்டுப்பாடு பண்ண வண்டி வந்து நாலு நாய ஏத்துச்சுன்னு பக்கத்துக் கடையில சொன்னான். மோஜா அதுல இருந்துச்சான்னு அவன் பாக்கல."

"எங்க கொண்டுபோவாங்க?"

மான்கூர்ட் பக்கம் ஒரு கொட்டகை என்று இடம் சொன்னார். ஜெனி பாதி கேட்டதும் ஆட்டோவை நோக்கி ஓடினாள்.

தகரக் கூரைக்கடியில் வரிசையாகக் கூண்டுகள். காவலுக்கு இருந்த பைசான் என்கிற வாலிபன், நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வா என்றான். ஜெனி தனக்குத் தெரிந்த ஹிந்தியெல்லாம் சேர்த்து, பேட்டி, குத்தா, உன்னீஸ் தின் என்று, மகள், நாய், பத்தொன்பது நாள் என்பதை மட்டும் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டான்.

முதல் கூண்டில் இல்லை. அடுத்ததில் இல்லை. கடைசிக் கூண்டின் மூலையில் ஒரு செம்பட்டை நாய் சுருண்டு, அசையாமல் கிடந்தது. கால்கள் வயிற்றுக்கடியில் மறைந்திருந்தன.

"இதுக்கு என்ன? சீக்கா?" என்று கேட்டாள் ஜெனி.

பைசான் கம்பியில் தட்டினான். நாய் தலையைத் தூக்கியது, எழுந்தது, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. வலதுகால் பாதிவரை வெள்ளை. இடது காதின் நுனி மட்டும் புதிதாக வெட்டப்பட்டிருந்தது. ஜெனியைப் பார்த்து ஒருமுறை உறுமிவிட்டுப் பிறகு கட்டை வாலை ஆட்டியது.

தையல் பிரிந்துவிட்டதால் கூடுதல் நாள் வைத்திருக்கிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது, ஒரு குறையும் இல்லை என்றான் பைசான்.

ஜெனி டென்சிலுக்கு வீடியோ கால் போட்டாள். படத்தில் ஸ்வீட்டியின் வாடிய முகம் தெரிந்தது.

"மக்ளே, நல்லாப் பாரு. உன்னக் கடிச்சது இதானா?"

"அதான்மா. மோஜா." தொண்டை வலியோடு எச்சில் விழுங்கினாள். "அதுக்கு ஏன் காதுல வெட்டிருக்காங்க?"

"கேட்டுச் சொல்லுதேன்" என்றாள் ஜெனி. உடனே பைசான் பக்கம் திரும்பிக் கேட்கவும் செய்தாள். ஆப்பரேஷன் முடிந்த நாய் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காகத்தான், இல்லாவிட்டால் மறுபடி பிடித்து வந்துவிடுவார்கள் என்று அவன் சொன்னதை அப்படியே மகளுக்குச் சொன்னாள். டென்சில் போனை வாங்கி டாக்டரிடம் காட்டினான். டாக்டர் சிரிப்பது தெரிந்தது. எதற்கும் ஊசியை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள் என்று அவள் சொன்னதும் கேட்டது.

உங்க நாயா, கூட்டிட்டுப் போறீங்களா என்று கேட்டான் பைசான்.

"எங்க சந்து நாய்" என்றாள் ஜெனி. "புண்ணு ஆறினதும் அதோட எடத்துலயே கொண்டு விட்டுருங்க."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, செம்பூர் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.